மிச்ச டேப்பில் பதிந்த பாட்டு

அம்மிணி,

இந்தக் கடுதாசிய ஆபீஸ்ல டைப்ரைட்டர் மேல வெச்சுக்கிட்டு அவசரமாப் படிச்சராத. அம்மாபேட்டைக்கு உங்க அத்தை ஊட்டுக்குப் போயி, சோறு உண்டுட்டு, சாவகாசமா உக்காந்து படி. இதை நேர்ல சொல்றதுக்குன்னே இந்த மாசத்துல ரெண்டு தடவ சேலம் வந்தேன். ரெண்டு தடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டி பாக்க வந்தேன்னு சொல்லிட்டு, நீ குடுத்த காப்பியக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிட்டேன். உங்கத்தை கூட, "எத்தன வேட்டிடா எடுப்ப, மாப்பிள்ளைக்கு இடுப்பு ஒண்ணுதானே"ன்னு கேட்டா. உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் எந்திரிக்க மாட்டேங்குது, சாமி. அதனால மத்தியான வெயில்ல, ஒரு ஈ காக்கா கடைக்கு வராத நேரத்துல உக்காந்து எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா, பேனா மேல பழி போட்டுக்க.

கல்யாணத்துக்கு இன்னும் இருவது நாள் இருக்குது. பத்திரிக்கை குடுக்கவேண்டிய உன்ற சிநேகிதிகளோட பேரெல்லாம் எழுதி அனுப்புனியே, அதுல ஏழாவதா பூங்கொடின்னு எழுதி, அப்பறம் அதை அடிச்சிருந்த. ஒரு கோடு போட்டு அடிச்சிருந்தாக்கூட நான் கண்டுக்காம விட்டிருப்பேன். நாலஞ்சு கோடு, பேப்பரே கிழிஞ்சு போற அளவுக்கு. அப்பறம் இன்னொண்ணும் நெனப்பு வந்துச்சு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மாப்பிள்ளை உங்கிட்ட, "நீங்க கேசட்டுக் கடைக்காரர் பொண்ணாச்சே, என்ன பாட்டு புடிக்கும்?"னு கேட்டாரு. நீ தரையப் பாத்துக்கிட்டு, "எதுவா இருந்தாலும் கேப்பேனுங்க"ன்னு சொன்ன. கூட வந்த ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் "அடக்கமான பொண்ணு"ன்னு சந்தோசப்பட்டாங்க. எதுவா இருந்தாலும் கேக்கறவளா நீ? பத்து வயசுலயே, கடையில நான் போட்ட பாட்ட "இது அழுமூஞ்சிப் பாட்டு, மாத்துங்க"ன்னு வாடிக்கைக்காரங்க முன்னால சொன்னவளாச்சே. அந்த வாய நீயா மூடல. நாந்தான் மூட வெச்சேன். எப்படின்னு சொல்றேன், கேளு.

நம்ம கடைப் பொழப்பு உனக்குத் தெரியாததில்ல. ஆனாலும் ஒரு விசயத்த ஞாபகப்படுத்தோணும், ஏன்னா எல்லாக் கெரகமும் அதுலதான் ஆரம்பிச்சுது. ஆளுங்க ஒரு சீட்டுல பாட்டுப் பேரெல்லாம் எழுதி, ஒரு காலி கேசட்டையும் குடுத்துட்டுப் போவாங்க. நான் வரிசையாப் பதிவேன். கடைசிப் பாட்டு முடிஞ்ச பின்னால ரெண்டு நிமிசமோ மூணு நிமிசமோ டேப்பு மிச்சம் நிக்கும். அதை அப்படியே சும்மா விட்டா நம்மூர் ஆளுங்களுக்குப் பொறுக்காது. டேப்பு சத்தமில்லாமச் சுத்துனா, "கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்"ம்பாங்க. லாரிக்காரங்களா இருந்தா, செட்டு கெட்டுப் போச்சுன்னு வழியில நிறுத்தி அதக் கழட்டவே ஆரம்பிச்சிருவாங்க. அதனால மிச்சம் இருக்கற எடத்துல எதையாச்சும் போட்டு நெரப்பி உட்டுருவேன். நாதஸ்வரம், வீணை, கொஞ்சம் புல்லாங்குழல். யாரும் அதக் காது குடுத்துக் கேக்கறதில்ல. காலியா இல்லைங்கறதுதான் அவங்களுக்குத் திருப்தி.

நீ பன்னெண்டாவது முடிச்ச வருசம், பம்பாய் லோடு போற டிரைவர் ஒருத்தர்கிட்ட காலி கேசட்டு வாங்கியாரச் சொல்லியிருந்தேன். மனுசன் ஒரு செருப்பு டப்பா நெறைய, ஏற்கெனவே ஆரோ பதிஞ்சு வெச்சிருந்த பழைய கேசட்டாக் கொண்டாந்து போட்டாரு. கப்பல்காரங்க வித்துட்டுப் போனதாம். அழிச்சுட்டு மேல பக்திப் பாட்டு பதிஞ்சுக்கலாம்னு நான் எடுத்து வெச்சேன். நீதான், "அழிக்கறதுக்கு முன்னால என்னன்னு கேட்டுப் பாக்கலாம்பா"ன்னு ஒண்ணத் தூக்கி மிசின்ல போட்ட. அட அந்தச் சத்தம் இருக்குதே! மூணு பேரு சேந்து பாத்திரக் கடையில சண்டை போட்டாப்பல இருந்துச்சு. "நிறுத்து, மிசின் போயிரும்"னு நான் கத்துனேன். நான் கத்தி முடிக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சு போச்சு. நீ உழுந்து உழுந்து சிரிச்ச. இன்னொரு கேசட்டுல வேற மாதிரி. கொம்பு, சாக்ஸபோனெல்லாம் வெச்சுக்கிட்டு, கறுப்பரும் வெள்ளைக்காரருமா ஒரே கூட்டத்துல நின்னு வாசிக்கறாங்க. அட்டையில படம் இருந்துச்சு. அதுல கிட்டாரு, அடி உழவேண்டிய எடத்துல உழாம, அதுக்கு அடுத்த எடத்துல சுருக்கு சுருக்குன்னு உழுது. கேக்கற மனுசனுக்குக் காலு சும்மா நிக்க மாட்டேங்குது. அட்டையில ஆரோ மசியில எழுதியிருந்ததப் பாத்து, கத்தறது 'பங்க்', குதிக்கறது 'ஸ்கா'ன்னு நீ கண்டுபுடிச்ச. அகராதிய வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையாப் பாத்து, "வேலை கெடைக்காத பசங்கப்பா, அந்தக் கோவத்தப் பாடறாங்க. பாடத் தெரியலேன்னு தெரிஞ்சே பாடறாங்க. அதாம்பா எனக்குப் புடிச்சிருக்குது"ன்னு சொன்ன. அன்னிக்கு எனக்கு அது வெளங்கல. இப்ப வெளங்குது.

இதையெல்லாம் நீ உனக்குள்ளயே வெச்சுக்கல. மோகனூர்ப் பக்கத்து ஊர்ல இருந்து தினமும் பஸ்ல டைப்ரைட்டிங் கிளாசுக்கு வந்துக்கிட்டிருந்தாளே பூங்கொடி, அவளுக்கு ஒரு கேசட்டுப் போட்டுக் குடுக்கறேன்னு ஒரு வாரம் என்ற மிசினப் புடிச்சு வெச்சுக்கிட்ட. நான் கடையில பத்து வருசம் உக்காந்து கத்துக்காதத, அந்த ஒரு வாரத்துல உன்னப் பாத்துக் கத்துக்கிட்டேன். நீ உனக்குப் புடிச்சதுல ஆரம்பிக்கல. "அவளுக்குக் கோயில் திருவிழா, நோம்பியில பேண்டு வாத்தியம்னா உசுரு. அதனால மொதல்ல கொம்பு வர்றதப் போடறேன். அதுல காலு பழகட்டும். அப்பறம் கத்தறதுல ஒண்ணு, அதுவும் சின்னதா. பயந்துட்டான்னா திரும்பவும் கொம்பு"ன்னு, கொழந்தைக்குச் சோறூட்டற மாதிரி வரிசை கட்டுன. கூடவே நோட்டுத்தாளுல ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு வரி. "இது மொதல் தடவ புடிக்காது, மூணாந்தடவ கேளு." "இத துணி தொவைக்கறப்பப் போடு." "இது உங்கப்பா இல்லாதப்ப." அடுத்த வாரம் பூங்கொடி கடைக்கே ஓடி வந்து, செருப்பக்கூடக் கழட்டாம, "ஏன்டி, அஞ்சாவது பாட்டுல அந்தாளு ஏன்டி அப்படி அழுதுக்கிட்டே சிரிக்கறான்?"னு கேட்டது இன்னும் என்ற காதுல இருக்குது. ஒருத்தருக்கு ஒரு பாட்டச் சொல்றதுன்னா, அவங்கள உக்காந்து நெனைக்கறதுன்னு அர்த்தம். டைப் கிளாஸ் வாத்தியார் ஒரு நாள் எங்கிட்ட வந்து, "கடைசி வரிசையில ரெண்டு மிசின் மட்டும் தாளம் தப்பித் தட்டுதுங்க, என்னன்னு கேளுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. உங்க ரெண்டு பேரையும் கேட்டா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துச் சிரிக்கறீங்க.

இப்பத்தான் என்ற பங்கு வருது. அந்தக் கத்தற பாட்டுல எனக்கு ஒரு சவுகரியம் தெரிஞ்சுது. ஒவ்வொண்ணும் ஒண்ணரை நிமிசம், ரெண்டு நிமிசம். மிச்ச டேப்ப நெரப்ப அதவிட அளவா ஒண்ணு கெடைக்காது. லாரிக்காரங்க கேசட்டுல ரெண்டு மூணுக்குப் போட்டு உட்டேன். தூக்கம் கலையுதுன்னு அவங்களும் சந்தோசமாத்தான் இருந்தாங்க. அப்பத்தான் பூங்கொடியோட அப்பா, அவங்க ஊர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா, நோம்பிக்கு அம்மன் தாலாட்டு பதியச் சொல்லி ஆளனுப்புனாரு. வந்த ஆளு, "பஸ்ஸு போயிருமுங்க, பஸ்ஸு போயிருமுங்க"ன்னு கடை வாசல்லயே நின்னு குதிச்சுக்கிட்டிருந்தான். தாலாட்டு முடிஞ்சு ரெண்டு நிமிசம் மிச்சம் நின்னுச்சு. நாதஸ்வர கேசட்ட ஆரோ எடுத்துட்டுப் போயிருந்தாங்க. ரெண்டாவது மிசின்ல உன்ற கேசட்டு கெடந்துச்சு. தாலாட்டு முடிஞ்சதும் ரேடியோ செட்டுக்காரன் டேப்பத் திருப்பிப் போட்டுருவான், மிச்சத்த ஆரு கேக்கப் போறாங்கன்னு நெனச்சுப் பொத்தான அமுக்கிட்டேன். நல்லாக் கேட்டுக்க: அமுக்குனது நான். நீ அன்னிக்குக் கடைப் பக்கமே வரல.

நோம்பிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. போயிருந்தேன். பொம்பளைங்க மாவெளக்கு வெச்சுக்கிட்டு வரிசையா நிக்கறாங்க. பூசாரி தீபாராதனைத் தட்டத் தூக்கறாரு. வேப்பமரத்துல கட்டுன கொழா ஸ்பீக்கர்ல தாலாட்டு அப்படியே எறங்கி, எறங்கி, முடிஞ்சுது. ரேடியோ செட்டுக்காரன் காப்பி குடிக்கப் போயிட்டான். "ஒன் டூ த்ரீ ஃபோர்"னு ஒரு கத்தல் பாரு, மரத்துல இருந்த காக்காயெல்லாம் ஒண்ணாப் பறந்துச்சு. பூசாரி தட்டோட அப்படியே நின்னுட்டாரு. பம்பைக்காரன் ஒருத்தன், கெட்டிக்காரன், ஏதோ புது மேளம் வந்திருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு அந்த அடியப் புடிச்சு அவனும் சேந்து வெளுத்து வாங்க ஆரம்பிச்சுட்டான். ரெண்டு பொம்பளைங்களுக்கு அருள் வந்துருச்சு. பசங்கெல்லாம் குதிக்கறாங்க. ரெண்டு நிமிசம், அம்மிணி, அந்த ஊரே ஆடுச்சு. அப்பறம் பாட்டு நின்னுச்சு. நின்ன ஒடனே ஊர் மொத்தமும் சிரிச்சுது. அந்தச் சிரிப்புதான் தர்மகர்த்தாவுக்குத் தாங்கல. கோயில் கணக்குல அவருக்கு எதிரா நின்ன பங்காளிக கூட்டத்துல இருந்து, "அண்ணன் இங்கிலீசு நோம்பி வெச்சுட்டாரப்பா"ன்னு ஆரோ சொல்ல, அவரு மூஞ்சி செத்துப் போச்சு. நான் மெதுவா நழுவி, கெடைச்ச பஸ்ஸுல ஏறி ஊடு வந்து சேந்தேன்.

மறுநாக் காலையில நாலு பேரோட அவரு கடைக்கு வந்தாரு. கத்தக்கூட இல்ல. "ஏனுங்க, எங்க அம்மனுக்கு நீங்க பண்ணுனது நாயமுங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. "அவசரத்துல மிச்ச டேப்ப நெரப்பப் போட்டுட்டேனுங்க, மன்னிச்சுக்கங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாலு வஞ்சுட்டுப் போயிருப்பாரு. ஆனா மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் பாதிக் கோயில் கேசட்டு நம்ம கடையிலதான். சாமி கேசட்டுல கண்டதையும் போடறவன்னு பேரு கெட்டா கடைய மூட வேண்டியதுதான்னு பயந்துட்டேன். "என்ற பொண்ணு வெளையாட்டுத்தனமாப் பண்ணிட்டாளுங்க"ன்னு சொன்னேன். அதோட நிறுத்துனேனா? அவருக்கு நம்பிக்கை வரோணும்னு இன்னொண்ணும் சொன்னேன். "உங்க பொண்ணும் அவளும் சேந்து கேக்கற பாட்டுதானுங்க அது." சொல்லி முடிச்சதும் அவரு எந்திரிச்சுட்டாரு. ஊட்டுக்குப் போயி, பூங்கொடி பொட்டியத் தொறந்து, துணிக்கு அடியில இருந்த கேசட்ட எடுத்து அம்மிக் கொழவியில வெச்சு நசுக்கிட்டாராம். உன்ற நோட்டுத்தாளு அடுப்புக்குப் போச்சு. அன்னியோட அவளோட டைப்ரைட்டிங்கும் நின்னு போச்சு. லோயர் பாஸ் பண்ணுனவ, ஹையர் எழுதறதுக்கு ஒரு மாசந்தான் இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு நீ வந்து, "அப்பா, பூங்கொடி கிளாசுக்கு வரவே இல்லப்பா, என்னாச்சுன்னு தெரியுமா?"ன்னு கேட்ட. அப்பவாச்சும் நான் மனுசனா இருந்திருக்கலாம். "உன்னோட சேரக்கூடாதுன்னு அவங்கப்பா சொல்லிட்டாராம்"னு சொன்னேன். அது நெசம். "அவளும் சரின்னுட்டாளாம்"னு சேத்துச் சொன்னேன். அது பச்சைப் பொய். நீ அவங்க ஊருக்குப் பஸ் ஏறிப் போயி நின்னுட்டா என்ற வண்டவாளம் வெளிய வந்துரும்னு பயந்து சொன்னது. அங்க அவளுக்கு, கோயில் கேசட்டுல கைய வெச்சு அவங்கப்பாவ ஊர் சிரிக்க வெச்சவ நீ. இங்க உனக்கு, ஒரு வார்த்தைக்கு உன்ன உதறிட்டுப் போனவ அவ. நடுவுல நான், ரெண்டு மிசின வெச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் பாட்டுப் பதிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு வருசம். அவ கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிக்கை வரல. நீ அதப் பத்திப் பேசல. அந்த டப்பாவுல மிச்சம் இருந்த கேசட்டையெல்லாம் நீயே கொண்டாந்து என்ற மேசையில வெச்சு, "அழிச்சுக்கங்கப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அதுக்கப்பறம் நீ ஆருக்கும் ஒரு பாட்டையும் சொன்னதில்ல. நான் அதுல ஒண்ணையும் அழிக்கல. மத்தியானத்துல ஆளில்லாதப்பப் போட்டுக் கேக்கறேன். அந்தக் கோவக்காரப் பசங்க எதையும் ஒளிக்கறதில்ல. எனக்கு அவங்களப் பாத்தா வெக்கமா இருக்குது.

உன்ற பட்டியலப் பாத்த அன்னிக்கு உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ கையில இருந்த கரண்டியக் கீழ வெச்சுட்டு, ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. சோறு மட்டும் போட்டா, அதுவும் தட்டு டங்குன்னு சத்தம் கேக்கற மாதிரி. மூணாம் நாளு, "எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? பட்டவ நானா? போயி அந்தப் புள்ளைககிட்டச் சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னால சொல்லல, பொண்ணக் கூட்டிக்கிட்டு நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயி அங்கயே தாலி கட்ட வெச்சுக்கறேன்"னா. உங்கம்மா சொன்னாச் செய்யற ஆளு. உன்னைப் பாக்க சேலத்துக்கு வந்துதான் வாய் எந்திரிக்காமத் திரும்பிட்டேனே. சரி, பூங்கொடிகிட்டயாச்சும் மொதல்ல சொல்லிடுவோம்னு, போன வியாழக்கெழமை பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறுனேன். அங்கதான் அவளக் கட்டிக் குடுத்திருக்காங்க. ஆத்தோரம் வெத்தலைக் கொடிக்கால், கூடக் கொஞ்சம் வாழை.

முறைப்படி கூப்பிடோணும்னு தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், பத்திரிக்கையெல்லாம் வெச்சு எடுத்துட்டுப் போனேன். அந்த ஊட்டு வாசல்ல நாலு பேரு உக்காந்து பறிச்ச வெத்தலைய எண்ணி அடுக்கிக்கிட்டு இருக்காங்க, மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது. அவங்க முன்னால நான் நாமக்கல் சந்தையில வாங்கி வெயில்ல வதங்கிப் போன பத்து வெத்தலைய நீட்டறேன். அவ ஊட்டுக்காரரு சிரிச்சுப்புட்டாரு. "வாங்க, உக்காருங்க. ஏனுங்க, எங்கூருக்கே வெத்தலையா?"ன்னு என்ற வெத்தலைய எடுத்து அக்கட்டால வெச்சுட்டு, பச்சைப் பசேல்னு ஒரு கட்டு எடுத்து என்ற தாம்பாளத்துல வெச்சாரு. நல்ல மனுசன். பூங்கொடி என்னையப் பாத்தா. "வாங்க"ன்னு சொன்னா. பத்திரிக்கையில உன்ற பேரப் படிச்சா. தொடாம அப்படியே வெச்சுட்டு மறுபடியும் வெத்தலை எண்ண உக்காந்துட்டா. இடுப்புல ஒரு பொண்ணு கொழந்தை, ஒரு வயசு இருக்கும்.

நான் நின்னுக்கிட்டே சொன்னேன். உக்காந்தா எந்திரிக்க முடியாம அழுதுருவேன்னு பயம். பொத்தான அமுக்குனது நான், பழிய உன்ற மேல போட்டது நான், அவ பொட்டியில கேசட்டு இருக்குதுன்னு அவங்கப்பாவுக்குத் தெரிய வெச்சது நான், அவ சரின்னு சொன்னதா உங்கிட்டப் பொய் சொன்னது நான். எல்லாத்தையும் அவ ஊட்டுக்காரரு முன்னாலயே சொன்னேன். அவ எண்ணிக்கிட்டே இருந்தா. எண்பத்திரெண்டுலயோ என்னமோ நிறுத்தி, மொதல்ல இருந்து எண்ணுனா. மறுபடியும் உட்டுட்டா. அப்பறம் கைய மடியில வெச்சுக்கிட்டு, "ஏனுங்கப்பா, அஞ்சு வருசமா நான் அவள வையாத நாளில்லீங்க. துணி தொவைக்கறப்ப வஞ்சிருக்கேன். கொழந்தை பொறந்த அன்னிக்கு, பக்கத்துல அவ இல்லையேன்னு நெனச்சு, அதுக்கும் வஞ்சிருக்கேன். ஒண்ணுமே பண்ணாதவளையில்ல வஞ்சிருக்கேன்"னு சொல்லி, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், அம்மிணி. வெக்கப்படாமச் சொல்றேன். அவ ஊட்டுக்காரரு கொழந்தைய வாங்கிக்கிட்டு வாழைப் பக்கம் போயிட்டாரு.

அழுகை ஓஞ்சதும் அவ கேட்ட மொதல் கேள்வி என்ன தெரியுமா? "அந்தப் பம்பைக்காரரு நெசமாலுமே சேந்து அடிச்சாருங்களா? நான் அன்னிக்கு மாவெளக்கோட கோயிலுக்குள்ள இருந்தேன், பாக்கவே இல்லீங்க." அடிச்சான்னு சொன்னேன். கண்ணுல தண்ணியோட சிரிச்சா. அப்பறம், ஹையர் எழுத இப்ப வேலூர்லயே ஒரு இன்ஸ்டிட்யூட்ல சேந்திருக்கறதாச் சொன்னா. ஊட்டுக்காரருதான் சேத்து உட்டாராம். எனக்கு அதக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. பத்திரிக்கைய அப்பவும் அவ எடுக்கல. "நீங்க வந்து சொன்னது சரிங்கப்பா. ஆனா கல்யாணத்துக்கு அவ வந்து கூப்பிட்டாத்தான் வருவேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க. அஞ்சு வருசத்துல அவ என்னென்ன கேட்டாளோ அதுல எனக்குன்னு ஒரு கேசட்டுப் போட்டு எடுத்தாரச் சொல்லுங்க. கடையில நீங்க போட்டுக் குடுத்துறாதீங்க. எனக்கு எது புடிக்கும்னு அவளுக்குத்தான் தெரியும்"னா. நீ எதையும் கேக்கறதில்லைங்கறத நான் அவகிட்டச் சொல்லல. அத நீயே போயிச் சொல்லிக்க.

திரும்பறப்ப மோகனூர்ல எறங்கி, அவங்க ஊருக்குப் போயி அவங்கப்பாவையும் பாத்துட்டேன். அதையும் முடிச்சாத்தான் ஊட்டுக்குள்ள விடுவேன்னு உங்கம்மா சொல்லியிருந்தா. அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு மீசையத் தடவுனாரு. "அந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சுதுங்க. அம்மனுக்கு அந்தப் பாட்டு ஒத்துக்கிட்டிருக்கும்னு ஊர்ல இப்பவும் சொல்றாங்க"ன்னாரு. கொஞ்சம் கழிச்சு, "என்ற புள்ளைய நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்"னு தரையப் பாத்துச் சொன்னாரு. வெவகாரம் அவ்வளவுதான். அஞ்சு வருசம் நான் பயந்தது இதுக்குத்தானான்னு இருந்துச்சு.

நீ பொறந்த ஊட்ட உட்டுப் போற நேரம். அப்பன் நாலு புத்தி சொல்லோணும்பாங்க. எனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை இல்ல, பட்டதச் சொல்றேன். மாப்பிள்ளைகிட்ட "எதுவா இருந்தாலும்"னு இனிமே சொல்லாத. அவரு போர்க் கெணறு போடற ரிக் வண்டியோட வடக்க போனா மூணு மாசம் ஆகும் திரும்பி வர. அங்க பகலெல்லாம் அந்த மிசின் சத்தத்துல நிக்கற மனுசனுக்கு என்ன கேட்டா எதமா இருக்கும்னு உக்காந்து நெனச்சு, ஒரு கேசட்டுப் போட்டுக் குடுத்து அனுப்பு. மொதல்ல கொம்பு வர்றதப் போடு. புடிக்கலேன்னாருன்னா வெசனப்படாத, சண்டையும் போடாத. மூணு தடவ கேக்கச் சொல்லு. அப்பவும் புடிக்கலேன்னா அவருக்குப் புடிச்சத நீ மூணு தடவ கேளு. புடிக்கலேன்னு சொல்லிக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஒளிச்சு வெக்கறதுதான் ஆகாது. அப்பறம் எந்தத் தப்புப் பண்ணுனாலும் அன்னிக்கே ஒத்துக்க. ஒரு நாள் தள்ளிப் போட்டா அது குட்டி போட்டுரும். ஒண்ண மறைக்க இன்னொண்ணுன்னு நான் போட்ட பொய்யப் பாத்தியல்ல.

செருப்பு டப்பா உங்க அத்தை ஊட்டுக்கு இந்தக் கடுதாசி கெடைக்கற அன்னிக்கே வந்துரும். நம்ம கடை ஆளு கையில குடுத்து அனுப்பறேன். காலி கேசட்டு மூணு, சின்ன டேப் ரெக்கார்டரு ரெண்டு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பதியற வயரு எல்லாம் கூடவே ஒரு பையில வருது. இந்தச் சனிக்கெழமை பூராவும் உக்காந்து பதிஞ்சுக்க. பூங்கொடிக்கு இப்ப என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாது. கொழந்தை இருக்குது, வெத்தலை எண்ணற வேலை இருக்குது, ஹையர் பரீட்சை இருக்குது, அத வெச்சு நீதான் ரோசிக்கோணும். ஞாயித்துக்கெழமை காலையில சேலத்துல ஏறுனா நாமக்கல்லுல மாறி, வெயில் ஏறறதுக்குள்ள வேலூர் போயிரலாம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆத்துப் பக்கம் நடந்து, கொடிக்கால்காரரு ஊடுன்னு சொல்லிப் பூங்கொடி பேரக் கேட்டா ஆரும் காட்டுவாங்க. நான் கூட வரல. நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைய வையறதுக்கு நான் எடைஞ்சலா இருக்கக் கூடாது.

கல்யாணத்தன்னிக்கு நீ என்ற கால்ல உழோணும்னு இல்ல. எங்கிட்டப் பேசவே புடிக்கலைன்னாலும் அது நாயந்தான், ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா அந்தப் புள்ள அஞ்சு வருசமா கோவத்துலயும் உன்னைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கறா. ஞாயித்துக்கெழமை காலையில அவ ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பா. என்னைய மன்னிக்கறத அப்பறமாப் பாத்துக்கலாம், சாமி. மொதல்ல பஸ் ஏறு.

உன்ற அப்பா